சார் பேச்சை நிறுத்திய வண்டி

1. பிட்டில் சண்டை

கோவைப் பக்கத்து ரேஸ் டிராக்கில் அன்று நான் ஓட்டிய லேப்பை, அதாவது ஒரு முழுச் சுற்றின் நேரத்தை வைத்துத்தான் எங்கள் ஸ்போர்ட்ஸ் காரின் தலையெழுத்தை முடிவு செய்யப் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் உயிரைக் கொடுத்து ஓட்டினேன். டிராக் ஓரத்து பிட்டில் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ப்ராஜெக்ட் ஹெட் விஜயகுமார் சார் ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“கணேசன், பின்னிட்டீங்க! ரெண்டு வண்டிக்கும் ஒன்றரை செகண்டுக்கு மேல வித்தியாசம். இதுக்கு மேல என்ன வேணும்?”

என்னைப் போல் லேப் ஓட்ட அந்தக் கம்பெனியில் ஆள் கிடையாது. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து கிளம்பி, சென்னைக்கு வெளியே இருந்த அந்தக் கார் கம்பெனியில் டெஸ்ட் டிரைவராகச் சேர்ந்து, ரிட்டயர் ஆகும்வரை அதே வேலை பார்த்தவன் நான். ஒரு புது மாடல் கடைக்கு வரும் முன் அதை ஓட்டிப் பார்த்து, பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் என ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவதுதான் எங்கள் பிழைப்பு.

இரண்டு வண்டி என்றார் அல்லவா? இரண்டுக்கும் ஒரே பாடி, ஒரே இன்ஜின். முதல் வண்டியில் அகல டயர், கெட்டியான சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் பின்னால் விரலால் தட்டும் ஆட்டோமேட்டிக் கியர். வளைவில் நாம் தப்புச் செய்தாலும் கம்ப்யூட்டர் நொடியில் திருத்திவிடும். இரண்டாவது வண்டியில் டயர் அகலம் குறைவு, ஸ்பிரிங் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், கியரைக் கையால்தான் போட வேண்டும். கம்பெனியிடம் இருந்த காசுக்கு ஒன்றைத்தான் தயாரிக்க முடியும்.

அந்த இரண்டாவது வண்டி ஜெசிந்தாவின் குழந்தை. ஜெசிந்தா ராஜபாளையத்துப் பெண், சஸ்பென்ஷன் என்ஜினியர். ஊர்ப் பக்கம் என்பதால் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடும். மூன்று வருடமாக அந்த வண்டியின் ஸ்டீயரிங்கோடுதான் அது சோறு தின்றது, தூங்கியது.

“வெள்ளிக்கிழமை மீட்டிங்ல முதல் வண்டிய ஃப்ரீஸ் பண்ணிடலாம்” என்றார் சார். ஃப்ரீஸ் என்றால் அதோடு முடிந்தது, இனி ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்ற முடியாது. “கணேசன், உங்க பேர், உங்க லேப் டைம், ரெண்டையும் போட்டு ஃபுல் பேஜ் விளம்பரம். என்ன சொல்றீங்க?”

எனக்குத் தலை கால் புரியவில்லை. பேப்பரில் என் பேர்! மாமனார் வீட்டில் இதுவரை என்னை வெறும் டிரைவர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஜெசிந்தா நேராக என்னிடம் வந்தது.

“அண்ணே, முதல் வண்டி ஒங்களுக்கு எப்டி இருந்துச்சு?”

“வேகமா இருந்துச்சு. பாக்கலியா நீ?”

“அத வாட்ச்சு சொல்லிருச்சுண்ணே. ஒங்களுக்கு எப்டி இருந்துச்சுன்னு கேக்கேன்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “தோத்துட்டோம்னா ஒத்துக்கணும் ஜெசிந்தா. சும்மா நையி நையின்னு பேசக் கூடாது” என்றேன், எல்லோர் முன்னாலும். அது முகம் சுருங்கிப் போனது. ஆனால் விடவில்லை. சார் பக்கம் திரும்பியது.

“சார், வாங்குறவங்க இத டிராக்குலயா ஓட்டப் போறாங்க? மீட்டிங்குக்கு முன்னாடி எங்க ஊர் ரோட்டுல ரெண்டையும் நீங்க ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. அப்பவும் முதல் வண்டிதான்னு சொன்னீங்கன்னா, நானே கையெழுத்துப் போட்டுட்டு ராஜபாளையத்துலயே எறங்கிக்கிடுதேன். சென்னைக்கு வரல.”

சாருக்கு வேலையில் கெட்டிக்காரி யார் என்று தெரியும். எப்படியும் வெயில் டெஸ்டுக்குத் தெற்கே போக வேண்டியிருந்தது. “சரி, ஓட்டறேன்” என்றார். அப்படித்தான் இரண்டு வண்டியும் ஒரு வேனும் ராஜபாளையம் வந்து சேர்ந்தன.

2. வத்திராயிருப்பு ரோடு

வெளியாகாத வண்டி என்பதால் பாடி முழுக்கக் கறுப்பு வெள்ளைச் சுழி சுழியாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தோம், யாரும் உருவத்தைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று. கண்டுபிடிக்கக் கூடாதாம்! ஸ்ரீவில்லிபுத்தூரில் டீக்கடை ஓரமாக நிறுத்திய உடனேயே கூட்டம் கூடிவிட்டது.

“என்ன அண்ணாச்சி, வண்டிக்கு அம்ம போட்ருக்கா?” என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

“ஆமா, வேப்பிலை கொண்டாங்க” என்றேன். கடையே சிரித்தது. சாருக்கு மட்டும் புரியவில்லை.

மேலதிகாரி தானே ஓட்டிப் பார்க்கும் மேனேஜ்மென்ட் ட்ரைவுக்கு என்று எங்கள் துறையில் சில வழக்கங்கள் உண்டு. வண்டியைச் செய்தவர் உள்ளே உட்காரக் கூடாது, கண்ஜாடை காட்டிவிடுவார். டெஸ்ட் டிரைவர் பக்கத்து சீட்டில் அட்டையும் பேனாவுமாக இருக்க வேண்டும், வழி சொல்வதைத் தவிர வாயைத் திறக்கக் கூடாது. பொது ரோட்டில் வேக வரம்பைத் தாண்டக் கூடாது. போனைத் தொடக் கூடாது. ஆகவே ஜெசிந்தா டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டது. வாங்கின டீயைக் குடிக்கவே இல்லை.

முதல் வண்டியில் சார் ஏறினார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு போய், வ. புதுப்பட்டியில் திரும்பி வருவது என்று ஏற்பாடு. தென்னந்தோப்பு, வயல், கண்மாய்க் கரையை ஒட்டி மாறி மாறி வளைவு, மேற்கே மலை. நான் சைக்கிள் காலத்திலிருந்து பழகிய ரோடு. எந்த ஸ்பீட் பிரேக்கருக்குப் பெயின்ட் கிடையாது என்பதுவரை அத்துப்படி.

சார் பேச ஆரம்பித்தார். டீலர்கள் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று சொன்னார். விளம்பரத்தில் என் படத்தை எந்தப் பக்கம் போடலாம் என்று சொன்னார். பால்கோவா வாங்காமல் வந்தால் வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்றார். கண்மாய்க் கரையில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. வண்டி தானாகவே பதமாக வேகம் குறைத்தது, சார் அவருடைய அபார்ட்மென்டில் மேல்வீட்டு பாத்ரூம் ஒழுகுகிற கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஒரு கை ஸ்டீயரிங்கில், ஒரு கை கதைக்கு. போகும்போது பாதி ஒழுகல், திரும்பும்போது மீதி ஒழுகல். திரும்பி வந்து இறங்கும்போது அந்த மேல்வீட்டுக்காரர் ஜாதகமே எனக்குத் தெரியும்.

“அருமையான வண்டி கணேசன். ஓட்டற மாதிரியே இல்ல!” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

இரண்டாவது வண்டியை எடுக்கும்போது சார் கிளட்சைச் சட்டென்று விட்டதில் இன்ஜின் ஆஃப் ஆகிவிட்டது. டீக்கடைக் கூட்டம் சிரித்தது. சார் முகம் கடுகடுவென்றானது. ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டது. முடிந்தது கதை என்று நினைத்தேன். உள்ளூரச் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன்.

ஊரைத் தாண்டியதும் சார் மறுபடி ஆரம்பித்தார். “அந்த மதுரை டீலர்கிட்ட நான் தெளிவா சொல்லிட்டேன் கணேசன், என்னன்னா...”

கண்மாய்க் கரை முதல் வளைவு வந்தது. கியரைக் குறைத்தார். வண்டி வளைவில் சாய்ந்து, ரோட்டின் சொரசொரப்பு ஸ்டீயரிங் வழியாக அவர் கைக்கு வந்தது. பக்கத்து சீட்டில் எனக்கே அது தெரிந்தது. அடுத்த வளைவு. இரண்டாவது கையும் ஸ்டீயரிங்குக்கு வந்துவிட்டது. சாய்ந்து கிடந்தவர் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தார். அதே ஆட்டு மந்தை மறுபடி குறுக்கே வந்தது, தானே பிரேக் போட்டுக் கடந்தார்.

டீலர் கதை வரவில்லை. நானும் காத்திருந்தேன். வரவே இல்லை.

வேகம் முதல் வண்டியில் போன அதே வேகம்தான். ஆனால் மனிதர் வேறு ஆளாகிவிட்டார். ஒரு கியரை ஒழுங்காகப் போட்டுவிட்டால் லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டார். ஒன்றில் சொதப்பியதும் “ச்ச” என்று தன்னையே திட்டிக்கொண்டார். வ. புதுப்பட்டியில் “சார், இங்க திரும்பணும்” என்றேன். “ஒரு நிமிஷம் இருங்க” என்று சொல்லிவிட்டு நேராகப் போனார். அந்த ஒரு நிமிஷம் கான்சாபுரம் வரைக்கும் போனது. அங்கே ஒரு களத்து ஓரமாக வண்டியைத் திருப்பினார், அதற்கும் பேச்சில்லை.

3. மார்க்

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, டீக்கடைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி இன்ஜினை அணைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ப்ராஜெக்ட் ஹெட் ஆனார்.

“எழுதிக்கங்க. முதல் வண்டி ஒன்பது. இது ஏழு. கிளட்ச் கனம், சீட்டுல ரோடு தெரியுது, மெனக்கெட்டு ஓட்ட வேண்டியிருக்கு. லேப் டைமும் ஜாஸ்தி. அந்தப் பொண்ணு பாவம்தான், ஆனா என்ன பண்றது?”

பேனா என் கையில் இருக்கிறது. ஒன்பது, ஏழு என்று இரண்டு எண்ணைக் கிறுக்கினால் போதும், என் விளம்பரம் எனக்கு. தூரத்தில் பெஞ்சில் ஜெசிந்தா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது என்பது கம்பெனிக்கே தெரிந்த விஷயம். வழக்கமாக அது என்னை வம்பில்தான் மாட்டிவிடும்.

“சார், மதுரை டீலர்கிட்ட என்ன சொன்னீங்க?”

“எந்த டீலர்?”

“ஊர் தாண்டினதும் ஆரம்பிச்சீங்களே சார். தெளிவா சொல்லிட்டேன், என்னன்னா... அப்படீன்னு நிறுத்துனீங்க. இன்னும் முடிக்கல.”

யோசித்தார். “எங்க நிறுத்தினேன்?”

“கண்மாய் வளைவுல. அதுக்குப் பொறவு கான்சாபுரம் போயி திரும்பி வந்தாச்சு. நீங்க வாயே தொறக்கல.”

“ஆடு வந்துச்சுல்ல? கவனமா ஓட்டினேன்.”

“ஆடு முதல் வண்டிக்கும் வந்துச்சு சார். அப்ப பாத்ரூம் ஒழுகிக்கிட்டு இருந்துச்சு.”

சாருக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன கணேசன், கிண்டலா? உங்க லேப், உங்க விளம்பரம். நீங்களே கெடுத்துக்கறீங்களா?”

“கிண்டல் இல்ல சார். நீங்க போட்ட மார்க்க அப்படியே எழுதுதேன். ஆனா முதல் வண்டியில உங்களுக்கு வேலையே இல்ல. அதான் மேல்வீட்டுக்காரர் வரைக்கும் போயிட்டீங்க. இதுல வேற எதையும் நெனைக்க உங்களுக்குத் தோணல. ஸ்போர்ட்ஸ் கார் வாங்குறவன் எதுக்கு சார் காசு குடுப்பான்?”

சார் இறங்கினார், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், குனிந்து முன் டயரைப் பார்த்தார். பிறகு மறுபடி டிரைவர் சீட்டில் ஏறினார்.

“நீங்க எறங்குங்க.”

“சார்?”

“நீங்க முதல் வண்டிய எடுத்துட்டு வாங்க. ஜெசிந்தாவ வேன்ல ஏத்துங்க. நான் இதுல ராஜபாளையம் போறேன்.”

வெளியாகாத வண்டியில் டெஸ்ட் டிரைவர் இல்லாமல் யாரும் போகக் கூடாது என்பது கம்பெனி ஆர்டர். அந்த ஆர்டரில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். நான் இறங்கிக்கொண்டேன்.

ஜெசிந்தா ஓடி வந்தது. “என்னண்ணே, கோவிச்சுக்கிட்டுப் போறாரா? எம்புட்டு மார்க்கு போட்டாரு?”

“ஏழு.”

அதற்குக் கண் நிறைந்துவிட்டது. “சரிண்ணே. கையெழுத்துப் போட்டுருதேன்” என்று வேனில் ஏறி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தது. நான் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சார் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்கே தெரியாதபோது எதைச் சொல்வது?

நாங்கள் ராஜபாளையம் ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தோம். முன்னால் கிளம்பிய சார் வரவில்லை. செத்த நேரம் பார்த்தோம். பழக்கமில்லாத கியர், பழக்கமில்லாத ஊர், அவசரத்துக்குக் கூட ஒரு ஆள் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. ஜெசிந்தா வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தது. தன் வண்டி போன கவலையெல்லாம் போய், “சாருக்கு ஒண்ணும் ஆயிருக்கக் கூடாதுண்ணே” என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

வெயில் இறங்கும் நேரத்துக்கு அந்தச் சுழி போட்ட வண்டி வாசலில் வந்து நின்றது. முன்பக்கமெல்லாம் புழுதி. சார் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“எங்க சார் போனீங்க? பயந்துட்டோம்” என்றேன்.

“வழி தப்பிட்டேன்” என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே வழி தப்புவதற்கு என்ன இருக்கிறது? நேரே தெற்கே வந்தால் ஊர்.

சாவியை ஜெசிந்தா கையில் கொடுத்தார். “கிளட்ச்ச மட்டும் கொஞ்சம் லேசாக்குங்க. வேற எதையும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஜெசிந்தா அந்தச் சாவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே ஹோட்டல் படியில் உட்கார்ந்துவிட்டது. அழுகிறதா சிரிக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கும் தெரிந்திருக்காது.

என் விளம்பரம் வரவில்லை. கொஞ்ச நாள் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. ஜெசிந்தாவின் வண்டி வெளியானதும், ஓட்டிப் பார்க்க வாங்கிப் போன பத்திரிகைக்காரர்கள் “டிராக்கில் மற்ற கம்பெனி வண்டிகளைவிட மெதுவு” என்று எழுதினார்கள். எழுதியவர்களே கீழே, “திருப்பிக் கொடுக்க மனமில்லை” என்றும் எழுதினார்கள். நான் உயிரைக் கொடுத்து ஓட்டிய லேப்பை அடுத்து வந்த வேறொரு வண்டி சுலபமாகத் தாண்டிவிட்டது. ஃபுல் பேஜில் வந்திருந்தாலும் அன்றைக்குப் பழைய பேப்பராகியிருக்கும்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். லேப் டைமை எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை எடுக்க வாட்ச் இருக்கிறது. ஓட்டுகிறவர் போடும் மார்க்கையும் மாற்றாமல் எழுதுங்கள். ஆனால் அவர் எந்த வளைவில் பேச்சை நிறுத்தினார் என்று பார்ப்பதற்குத்தான் உங்களுக்குப் பக்கத்து சீட்டும் சம்பளமும் கொடுக்கிறார்கள். விஜயகுமார் சார் அந்த டீலர் கதையை இன்றுவரை முடிக்கவில்லை.