எங்க வீதிக்கு ஆறு மாசம் ஆர்ட்டிஸ்ட்டா இருந்தேன்

படம் வரையறது அப்படியொண்ணும் கஷ்டமான தொழில் இல்லைங்க. பொறந்த ஊர்ல, தெரிஞ்சவங்க முன்னால உக்காந்து வரையறதுதான் கஷ்டம். வெளியூர்ல நாம ஆர்ட்டிஸ்ட். ஊருக்குள்ள காலை வெச்சுட்டா இன்னாரு மக, இன்னாரு தங்கச்சி, பத்தாவதுல கணக்குல பெயிலானவ. இதே தொழில்ல மாட்டிக்கிட்டு முழிக்கறவங்க உங்கள்லயும் நிறையப் பேர் இருப்பீங்க. உங்களுக்காகத்தான் எழுதறேன்.

நான் கோயமுத்தூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல டிராயிங் டீச்சர். சொந்த ஊர் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம். இருபது வருசமா வரையறேன். கோயமுத்தூர்லயும் பெங்களூர்லயும் கண்காட்சி வெச்சிருக்கேன். ஆனா எங்க வீதி ஆளு ஒருத்தர் கூட என் படம் ஒண்ணுக்கு முன்னால வந்து நின்னதில்லை. அந்த ஆத்தாமை எனக்கு ரொம்ப நாளா உண்டு.

சொந்த ஊர்ல தங்கி, ஊர்க்காரங்களோட சேர்ந்து வேலை செய்யற கலைஞர்களுக்கு ஒரு டிரஸ்ட் ஆறு மாசம் பெல்லோஷிப் பணம் தருதுன்னு கேள்விப்பட்டதும் அன்னைக்கே விண்ணப்பம் போட்டேன். எங்க வீதியில எங்க ஊடு போக முப்பத்தியொரு ஊடு. ஊட்டுக்கு ஒருத்தரை ஆள் உயரத்துக்குத் துணியில வரைவேன், கடைசி நாள் அவங்களே வந்து பார்ப்பாங்கன்னு எழுதினேன். கிடைச்சிருச்சு. பள்ளிக்கூடத்துல லீவு சொல்லிட்டுக் கிளம்பிட்டேன்.

அண்ணனுக்கு வெளக்கம் சொன்னது

வீதிக் கடைசியில எங்க பெரியப்பா மகன் ஊடு. தென்னந்தோப்பு வெச்சிருக்கார். எனக்குப் பத்து வயசு மூத்தவர். அதிர்ந்து பேச மாட்டார். நான் ஊருக்கு வந்த ரெண்டாம் நாள் அவரை ரோட்டுல பாத்தேன். வண்டியை நிறுத்தி, "ஏங் கண்ணு, ஆறு மாசம் இங்கயா? என்ன வேலை குடுத்திருக்கறாங்க?"ன்னு கேட்டார்.

"இங்க இருக்கறதுதாங்ண்ணா வேலை. ஊர்ல தங்கோணும், சனங்களோட பழகோணும், அவங்களை வரையோணும்."

அண்ணன் வண்டிச் சாவியை ஆஃப் பண்ணினார். பெல்லோஷிப்புனா என்ன, எதுக்குத் தர்றாங்க, அவங்களுக்கு என்ன லாபம்னு ஒவ்வொண்ணாக் கேட்டார். நானும் டிரஸ்ட் அனுப்பின காயிதத்துல இருந்ததை எல்லாம் சொன்னேன். 'தன் சமூகத்துக்குள் வாழ்ந்தபடியே'ங்கற வரியை மட்டும் ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பொறவு வண்டியை எடுத்துக்கிட்டே சொன்னார்: "நாங்க அம்பது வருசமா அதைத்தானே கண்ணு செஞ்சுட்டு இருக்கறோம், ஒருத்தனும் ஒரு காயிதம் போடலையே."

ஆட்டுக்கறியும் சமாதானமும்

அப்பாவும் அம்மாவும் இப்பத் தம்பியோட திருப்பூர்ல. ஊடு பூட்டிக் கிடந்துச்சு. கூட்டித் துடைச்சு, முன்னறையில துணியைக் கட்டி வேலையை ஆரம்பிச்சுட்டேன். நான் யோசிக்காம விட்டது ஒண்ணே ஒண்ணுதான். கல்யாணமாகி பதினாறு வருசம் ஆனவ பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் பொறந்த ஊட்டுக்குத் தனியா வந்து மாசக்கணக்குல இருந்தா, வீதி என்ன நினைக்கும்? டிரஸ்ட்காரங்க அதை 'ரெசிடென்சி'ங்கறாங்க. எங்க வீதியில அதுக்கு வேற பேரு.

பக்கத்து ஊட்டு ருக்குமணி அக்கா மாவு மில்லு நடத்தறவங்க. ஒரு டப்பா கச்சாயப் பலகாரத்தோட வந்தாங்க. மழை, வாழைத்தார் வெலை, மில்லு மோட்டார் ரிப்பேருன்னு எல்லாத்தையும் பேசிட்டு, எந்திரிக்கறப்பத்தான் "அவரு சௌக்கியமா கண்ணு?"ன்னாங்க. ஞாயித்துக்கெழமையானா எங்க ஊட்டுக்காரர் கறி எடுத்துக்கிட்டு கோயமுத்தூர்ல இருந்து வந்துருவார். அப்படி ஒரு ஞாயித்துக்கெழமை சாயங்காலம் வீதிப் பெரியவங்க ரெண்டு பேர் வந்து அவரைத் தனியாக் கூட்டிட்டுப் போய், எதுவா இருந்தாலும் பேசி முடிச்சுக்கலாமுங்க மாப்பிள்ளைன்னு சொல்லியிருக்காங்க. இந்த மனுசன் சண்டையே இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே? "இனிமே அனுசரிச்சு நடந்துக்கறேனுங்க"ன்னு சொல்லிட்டு வந்து என்கிட்டச் சிரிக்கறார்.

எனக்கு வந்த கோவத்துக்கு, டிரஸ்ட்டோட கடுதாசியை எடுத்துக்கிட்டு நேரா மில்லுக்குப் போனேன். அக்கா கையைத் துடைச்சுட்டு, முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் படிச்சாங்க. மடிச்சுக் குடுத்துட்டுச் சொன்னாங்க: "காயிதமெல்லாம் சரி கண்ணு, சண்டை இல்லீன்னா அவரு எதுக்கு வாராவாரம் கறியோட வாராரு?"

மில்லுக்குள்ள பட்டுச்சேலை

ஆளுங்களை அவங்கவங்க வேலை செய்யறப்ப வரையோணும்னு எனக்கு ஆசை. வந்தவங்க எல்லாம் கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி வந்தாங்க. பால் கறக்கறவர் மடிப்புக் கலையாத சட்டையில வந்தார். ருக்குமணி அக்கா மில்லைப் பூட்டிட்டு, பட்டுச்சேலை கட்டி, ரெண்டு வடம் செயின் போட்டு, தலை நிறையப் பூவோட வந்து நாற்காலியில வெறைப்பா உக்காந்தாங்க. ஒரு மணி நேரம் வரைஞ்சேன். படத்துல அந்த அக்கா வரவே இல்லை, சேலைதான் வந்துச்சு.

மறுநாள் ரெண்டு படி ராகியை எடுத்துக்கிட்டு மில்லுக்குப் போனேன். அரைக்கக் குடுத்துட்டு மூலையில நின்னு வரைஞ்சேன். புருவம் பூராவும் மாவு, தோள்ல ஒரு துண்டு, இடுப்புல ஒரு கை, மோட்டார் சத்தத்துல ஏதாவது மாறுதான்னு கேக்கற மாதிரி ஒரு பக்கம் சாய்ஞ்ச தலை. மூணு நாள் ராகியாவும் கம்பாவும் அரைச்சுத் தள்ளினேன். ஒளிச்சு வெக்கக் கூடாதுன்னு, "அக்கா, இதைத்தான் மாட்டப் போறேன், பரவாயில்லீங்களா?"ன்னு கேட்டேன். எங்க ஊர்ல யாரும் முகத்துக்கு நேரா வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. அக்கா மாவைப் பையில கொட்டிக்கிட்டே சொன்னாங்க: "உனக்கு எது சரிப்படுதோ அப்பிடியே செஞ்சுபோடு கண்ணு, அந்தப் பட்டுச்சேலையையும் ஒரு ஓரமாப் போட்டு உட்டுரு."

பாய் போட்ட சாக்பீஸ் கோடு

டிரஸ்ட்ல எங்களைப் பாத்துக்கற நிவேதிதா சென்னைப் பொண்ணு, நல்ல பொண்ணு. மாசம் ஒருக்கா போன் பண்ணி, "மக்கள் என்ன விமர்சனம் சொல்றாங்க?"ன்னு கேக்கும். அதுக்குக் கருத்து எழுதற ஃபாரம் ஒண்ணு வேற அனுப்பிருச்சு. எது பிடிக்கவில்லைங்கற இடத்துல எங்க வீதி மொத்தமும் ஒரே பதிலை எழுதிக் குடுத்துச்சு: ஒண்ணுமில்லீங்க, நல்லா இருக்குதுங்க. நான் என்ன கிறுக்கினாலும் இதையேதான் எழுதியிருப்பாங்க.

எங்க வீதி முக்குல தையல் கடை வெச்சிருக்கற இப்ராஹிம் பாய் மட்டும் அப்படி விடலை. அவர் குடியிருக்கறது பள்ளிவாசல் பக்கம், ஆனா எங்க வீதி ஆம்பளைங்க சட்டை முக்காவாசியும் அவர் கையில தெச்சதுதான். நூல் வாங்கப் போற வழியில எங்க முன்னறையை எட்டிப் பாத்தவர், எங்க அண்ணன் படத்து முன்னால நின்னுட்டார். அண்ணன் நாற்காலிக்கு வரவே இல்லைங்க. ரோட்டுல பாக்கறப்பெல்லாம் "வாரேன் கண்ணு"ன்னு சொல்வார், அவ்வளவுதான். அதனால தோப்புல ஒளிஞ்சு நின்னு பாத்து வரைஞ்ச படம் அது. எதுவோ சரியில்லைன்னு எனக்கும் தெரியுது, எதுன்னு தெரியலை. பாய் பாக்கெட்ல இருந்து சாக்பீஸை எடுத்து, என்னைக் கேக்காமலே வலது தோள்ல அரை இன்ச் கீழ ஒரு கோடு போட்டார். அண்ணனுக்கு அந்தத் தோள் எறக்கமாம். வெளிய ரொம்பத் தெரியாம இருக்க, உள்ளுக்குள்ள துணி மடிச்சு வெச்சுத் தெச்சாலும் அரை இன்ச் எறங்கித்தான் நிக்குமாம். நாப்பது வருசம் பாத்த எனக்கு அது தெரியலை.

அன்னைக்கே தோளை எறக்கினேன். அவ்வளவுதாங்க, படத்துல அண்ணன் வந்து நின்னுட்டார். மறுநாள் பாய் வந்து, கண்ணாடியை ஏத்தி விட்டுப் பாத்தார்: "இப்பத்தான் அம்மணி இது நான் தெச்ச சட்டை."

ஞாயித்துக்கெழமை பத்து மணி

கண்காட்சிக்குக் காலியாக் கிடந்த நெல் குடோன் ஒண்ணு கிடைச்சுது. அழைப்புப் பத்திரிகை அடிச்சேன். ஊர்ப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர், லைப்ரரி அம்மா, பாய் ஊடுன்னு வெளி ஆளுங்களுக்கெல்லாம் முறையாப் போகோணுமேன்னு, தட்டுல பழம், வெத்தலை பாக்கு வெச்சு நேர்ல போய்க் கூப்பிட்டேன். எங்க வீதிதானே, நம்ம சனம்தானே, நம்ம சனத்துக்கு என்ன சம்பிரதாயம்? வீதி வாட்ஸப் குரூப்புல பத்திரிகையைப் படமா அனுப்பிட்டேன். எல்லாரும் கும்பிடு போட்டிருந்தாங்க. எனக்கு ஒரே சந்தோசம்.

பத்து மணி ஆச்சு. சென்னையில இருந்து நிவேதிதாவும் கூட ரெண்டு பேரும் வந்துட்டாங்க. பாய் குடும்பத்தோட முன்வரிசையில. ஹெட்மாஸ்டர் வந்தார். பதினொண்ணு ஆச்சு. எங்க வீதியில ஒரு ஆளு வரலை. சுத்தியும் முப்பத்தியொரு பேர் துணியில நிக்கறாங்க, நிசத்துல ஒருத்தரைக் காணோம். நிவேதிதா மெதுவா, "நேரம் மாறிடுச்சாங்க?"ன்னு கேட்டுச்சு. இருபது வருசம் வெளியூர்ல நடந்ததுதான் இப்பச் சொந்த வீதியிலயும் நடக்குதுன்னு நினைச்சேன். வாசலைத் தாண்டி விடுவிடுன்னு வீதிக்கு நடந்தேன். நிவேதிதாவும் பின்னாலயே வந்துச்சு.

வீதியைப் பாத்தா எனக்கு ஒண்ணும் புரியலை. எல்லா ஊட்டு வாசல்லயும் ஆளு. நோம்பி விசேசத்துக்குக் கட்டற சேலை, வெளுத்த வேட்டி, புள்ளைங்களுக்குத் தலை சீவிப் பவுடர் போட்டு, செருப்பு மாட்டி, எல்லாரும் கிளம்பித் தயாரா உக்காந்திருக்காங்க. மில்லு பூட்டிக் கிடக்குது, அக்கா அதே பட்டுச்சேலையில படிக்கட்டுல. "ஏனுங்க்கா, வராம இங்கயே உக்காந்துட்டீங்க?"ன்னு கேட்டேன். அக்கா என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க: "பாய் ஊட்டுக்குத் தட்டோட போனியாமா, ஹெட்மாஸ்டர் ஊட்டுக்குப் போனியாமா, எங்களுக்கு மட்டும் போன்தானா கண்ணு?"

முப்பத்தியொரு டம்ளர் காப்பி

அக்கா ஊட்டுத் தட்டையே கடன் வாங்கினேன். அவங்க ஊட்டு வெத்தலை, அவங்க ஊட்டுக் குங்குமம். அவங்களுக்கே முதல்ல பத்திரிகை வெச்சேன், வாங்கிக்கிட்டு, "உள்ள வந்து ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போ"ன்னாங்க. அப்படி ஒவ்வொரு ஊடும். உக்காராம வர முடியாது, குடிக்காம எந்திரிக்க முடியாது. பத்தாவது ஊட்டுக்கு மேல காப்பியைப் பாதிப் பாதியா நிவேதிதாவுக்குத் தள்ளி விட்டேன். "இதுவும் புராஜெக்ட்ல சேருமாங்க?"ன்னு அது நோட்டுல எழுதிக்கிட்டே வந்துச்சு. கடைசியா அண்ணன் ஊடு. வெளுத்த சட்டையில வாசல்லயே நின்னுட்டு இருந்தார்.

மத்தியானம் ரெண்டு மணிக்குக் குடோன்ல நிக்க இடம் இல்லை. அவங்கவங்க படத்தை விட, அடுத்த ஊட்டுக்காரர் படத்தைத்தான் ரொம்ப நேரம் பாத்தாங்க. ருக்குமணி அக்கா தன் படத்து முன்னால போய் நின்னாங்க. புருவத்துல நான் வரைஞ்ச மாவை விரலால தொட்டுப் பாத்தாங்க. பொறவு போய், மருமகளையும் பேத்தியையும் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து காட்டினாங்க. நான் ஒரு தூண் பக்கம் நின்னு ஒவ்வொரு முகமாப் பாத்துட்டே இருந்தேன். இதுக்குத்தானே இத்தனை வருசம் ஏங்கினேன்னு தோணுச்சு, அழுகை வந்துச்சு.

அப்ப நிவேதிதா மைக் புடிச்சு என்னை அறிமுகப்படுத்துச்சு. எந்தெந்த வருசம் எந்தெந்த ஊர்ல என் படம் மாட்டினேன்னு ஒரு பட்டியலே படிச்சுது. சனமெல்லாம் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. முடிஞ்சதும் அண்ணன் என் பக்கத்துல வந்து நின்னார். கோவமே இல்லை அவர் முகத்துல, அதுதான் எனக்குத் தாங்கலை: "இருவது வருசமா இத்தனை ஊர்ல மாட்டியிருக்கறே, எங்களை ஏங் கண்ணு ஒருக்காக் கூடக் கூப்பிடலை?"

ஊரு நம்மளைக் கண்டுக்கறதே இல்லைன்னு பொலம்பற என் கூட்டாளிகளே, பொலம்பறதுக்கு முன்னால எத்தனை ஊட்டுப் படியேறிக் கூப்பிட்டோம்னு ஒருக்கா விரல் விட்டு எண்ணிப் பாத்துக்குங்க, எனக்கு ஒரு விரல் கூட மடங்கலை.