கஸ் என்றால் இறுக்கு

விமான நிலையத்தை ஒட்டிய எங்கள் பத்துபஸ்தியில் விமானம் தலைக்கு மேல் இறங்கும்போது எல்லோரும் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவோம். கஸ்பார் அண்ணன் மட்டும் பாட்டை நிறுத்த மாட்டார். விமானம் போன பிறகு பார்த்தால் இரண்டாவது சரணத்தில் இருப்பார். அவருடைய மெக்கானிக் ஷெட்டுக்கு வழி தெரியாதவர்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே வரலாம்.

அவருடைய அப்பா தூத்துக்குடியிலிருந்து மீன்பிடிப் படகில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கியவர். மகனையும் கடலுக்குக் கூட்டிப்போனார். மகனோ கரை மறைவதற்குள் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். அப்படித்தான் கஸ்பார் அண்ணன் கார் மெக்கானிக் ஆனார். இதை வெட்கப்படாமல் அவரே சொல்வார். “கடலுக்கு நான் போவலன்னா என்ன தங்கச்சி, அதுதான் தெனமும் என்னையத் தேடி வருதே” என்பார். பொய்யில்லை. எங்கள் தீவின் உப்புக்காற்றில் எந்த வண்டியின் போல்ட்டும் சும்மா கழன்று வராது. துருப்பிடித்து, தான் நுழைந்த துளையோடு ஒன்றாகிவிடும்.

அப்படி இறுகிப்போன போல்ட்டை அவர் ‘மாப்பிள்ளை’ என்றுதான் சொல்வார். “மாப்பிள்ள முறுக்குல இருக்காரு. அதட்டுனா வீட்டுக்கே வரமாட்டாரு” என்று துரு விடும் எண்ணெயை ஊற்றி, சுத்தியலால் தலையில் செல்லமாகத் தட்டி, உபசாரம் செய்துகொண்டே இருப்பார். பார்த்துக்கொண்டிருக்கிற நமக்குத்தான் உயிர் போகும். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது.

அன்றைக்கு என் வேன் அங்கே நின்றது. நான் ஜெயமணி, சொந்த வண்டி ஓட்டுகிறவள். ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் வேலைக்காரர்களை ஏற்றி இறக்க என் வேனைக் கேட்டிருந்தார்கள். மறுநாள் காலையில் வண்டி அங்கே நிற்கவேண்டும்; இல்லையென்றால் வேறு வண்டி வைத்துக்கொள்வோம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். வண்டி ஏற்றும் கப்பலில் இடம் கிடைப்பது லேசில்லை. மத்தியானக் கப்பலில் எப்படியோ கிடைத்திருந்தது. வருஷம் முழுவதற்கும் நிச்சயமான வேலை. அதை நம்பி நான் எத்தனை கணக்குப் போட்டு வைத்திருந்தேன்!

அன்று காலையில் கிளம்பினால் வண்டி பொங்குகிறது. என்ஜினிலிருந்து தண்ணீர் வெளியே வருகிற இடத்தில் ஒரு மூடி உண்டு. அதன் அடியில் கசிவு. மூடியைக் கழற்றி உள்ளேயிருக்கும் பாக்கிங்கை மாற்றினால் போதும், சின்ன வேலை. மூடிக்கு இரண்டு போல்ட். ஒன்று சமர்த்தாக வந்துவிட்டது. மற்றது அசையவில்லை.

“எந்தத் தண்ணி ஊத்துன?” என்றார் அண்ணன்.

“கெணத்துத் தண்ணிதான்.”

“அதான் மாப்பிள்ள இப்படிச் சம்மணம் போட்டு ஒக்காந்துட்டாரு. உப்புத் தண்ணியில வேற குளிப்பாட்டியிருக்க.”



அவரோடு வேலை செய்கிறவர் மங்ரா. அண்ணனைவிட நாலைந்து வயது சின்னவர், ராஞ்சிக்காரக் குடும்பம். தமிழ் புரியாது. ஷெட்டில் வேலைப் பேச்செல்லாம் நம் தீவு இந்திதான். ‘கோல்’ என்றால் தளர்த்து, ‘கஸ்’ என்றால் இறுக்கு. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. அண்ணன் மனைவி பெனிட்டா, விமானச் சத்தத்தில் முழுப் பெயர் எடுபடாது என்று, கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரைக் ‘கஸ்’ என்றுதான் கூப்பிடுவாள். மங்ரா ஸ்பானர் பிடித்திருக்கும்போது மட்டும் அப்படிக் கூப்பிடாதே, ‘ஏங்க’ என்று கூப்பிடு என்று அண்ணன் சொல்லிப் பார்த்துவிட்டார். “ஏங்கவாம் ஏங்க! எனக்கு வாயில நொழையாது” என்று அவள் சிரித்துவிடுவாள்.

அண்ணன் கேஸ் தீயால் போல்ட்டைச் சுற்றிச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். மங்ரா ஸ்பானரைப் போட்டு மெல்லத் தளர்த்திக்கொண்டிருந்தார். போல்ட் கொஞ்சம் இளகினாற்போல இருந்தது. என் போன் ஷெட்டுக்குப் பின்னால் அவர்கள் வீட்டில், பெனிட்டாவிடம் சார்ஜில் இருந்தது. அது அடித்து, அவள் எடுத்திருக்கிறாள். வானிலை சரியில்லை, கப்பல் முன்கூட்டியே கிளம்புகிறது, வண்டியைச் சீக்கிரம் ஃபீனிக்ஸ் பே கப்பல்துறைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று அங்கிருந்து சொல்லியிருக்கிறார்கள். பதறிப்போய் ஓடிவந்தாள். அதே நேரம் மேலே விமானம். அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“கஸ்! கஸ்! கஸ்!”

மங்ரா சொன்ன சொல் தட்டாத மனிதர். மூன்று தடவை சொன்னால்? முழு பலத்தோடு இறுக்கினார்.

டக் என்றது. போல்ட்டின் தலை தரையில் உருண்டு என் காலடியில் வந்து நின்றது.

“அடப்பாவிகளா! என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!” என்று நான் ஆரம்பித்தேன். என்னென்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. மங்ரா ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பெனிட்டா வாசலிலேயே நின்று அழுதாள். எனக்கும் அழுகைதான் வந்தது, அதைக் கோபம் மாதிரி காட்டிக்கொண்டேன்.

அண்ணன் குனிந்து பார்த்தார். மூடியைத் தட்டி எடுத்தார். முறிந்த துண்டு சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“தலதானே போச்சு? வேற தல வச்சிட்டாப் போவுது” என்றார்.

ஒரு நட்டை எடுத்து அந்தத் துண்டின் மேல் வைத்து வெல்டு அடித்தார். புதுத் தலை வந்துவிட்டது. சூடு ஆறுவதற்குள், வீட்டிலிருந்து பெனிட்டா கொண்டுவந்த மெழுகுவர்த்தித் துண்டைப் போல்ட்டின் கழுத்தில் தேய்த்தார். மெழுகு உருகி உள்ளே இறங்கியது. பிறகு ஸ்பானரை மங்ராவிடம் நீட்டினார். மங்ரா தலையை ஆட்டி மறுத்தார். அண்ணன் அவர் கையைப் பின்னாலிருந்து இழுத்து ஸ்பானரைத் திணித்தார்.

“கோல்.”

அசையவில்லை. இன்னும் அழுத்தினால் இந்தத் தலையும் போய்விடும். அண்ணன் வாசலைப் பார்த்தார்.

“ஏட்டி, இப்பக் கூப்பிடு.”

“யார?” என்றாள் பெனிட்டா, மூக்கைச் சிந்திக்கொண்டே.

“என்னயத்தான். ஆனா பதமாக் கூப்பிடு. கொஞ்சம் இறுக்குனாத்தான் துரு விடும், பெறவு கழட்டலாம். இவன் பயந்துபோயிருக்கான். ஒன் கொரலு எவ்வளவோ அவ்வளவுதான் இறுக்குவான்.”

அவள் எங்கள் எல்லோரையும் பார்த்தாள். தூங்குகிற பிள்ளையை எழுப்புவது போல, “கஸ்” என்றாள்.

மங்ரா அந்தக் குரல் அளவுக்கே ஸ்பானரை அழுத்தினார். கிரீச் என்று ஒரு சத்தம்.

“கோல்!” என்றார் அண்ணன்.

மாப்பிள்ளை வந்துவிட்டார். கறுத்துப்போய், மெழுகு வழிய, சுற்றிச் சுற்றி வெளியே வந்தார். மங்ரா அவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே! நான் திட்டியதையெல்லாம் மறந்து பெனிட்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அண்ணன் பாடிக்கொண்டே புதுப் போல்ட்டுக்கு கிரீஸ் தடவினார். “இனி கெணத்துத் தண்ணி ஊத்துன, ஒன்னையே ரேடியேட்டர்ல ஊத்திருவேன்” என்று மட்டும் சொன்னார்.

ஃபீனிக்ஸ் பேயில் கடைசி வண்டியாக நான் ஏறினேன். மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கி நின்றபோது, கப்பல்காரர்கள் என் வேனுக்குச் சங்கிலி போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எவனோ ஒருவன் பின்னாலிருந்து கத்தினான்: “கஸ்! கஸ்!”

கஸ்பார் அண்ணன் வந்துவிட்டாரா என்று திரும்பிப் பார்த்தேன். கப்பல் என்றாலே வாந்தி எடுக்கிற மனிதர் எங்கே வரப்போகிறார்? அந்தப் பெயரைச் சொல்லித்தான் என் வண்டியை இறுக்கிக் கட்டினார்கள். கப்பல் கிளம்பிவிட்டது.