மேற்கு வாசல், நடுக்கதவு

எனக்கு இரண்டாவது கல்யாணம் நடக்க, பரலோகத்துக்கு எத்தனை வாசல் என்று தெரிய வேண்டியிருந்தது. ஜாதகம் பார்க்காத குடும்பங்களிலும் ஏதாவது ஒன்று பொருந்தித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது.

என் மனைவி இறந்து அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. சிங்காநல்லூர்ப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான் பகல் நேர வாட்ச்மேன். ஐந்தாவதோடு நின்றவனுக்கு நல்ல வேலைதான். வருகிறவர்களை நோட்டில் பெயர் எழுத வைக்க வேண்டும். எழுதாதவர்களை நிறுத்த வேண்டும். இதில் இரண்டாவது எனக்குக் கடைசிவரை கைவரவில்லை. யாராவது கொஞ்சம் அழுத்தி ஹாரன் அடித்தால் கை தானாகவே கேட்டைத் திறந்துவிடும். "நீ வாட்ச்மேனா, வரவேற்புக் கமிட்டியா?" என்று செக்ரட்டரி ஒருமுறை கேட்டார். அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன். முகம் பார்த்துப் பேசுவது எனக்கு எப்போதுமே கூச்சம்.

கோபியில் இருக்கும் என் அக்காதான் பெண் பார்த்தாள். பெண் என்றாலும் அவருக்கு நாற்பத்து நான்கு வயது. கணவரை இழந்தவர். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். மகளைப் பவானியில் கட்டிக்கொடுத்திருந்தார். இரண்டு பேரும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் நான் போகிற கோயில் வேறு, அவர் போகிற சபை வேறு. எங்களுக்கு ஆயர், அவர்களுக்குப் பாஸ்டர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் கோயில் காம்பவுண்டில் எங்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, யாரையோ பார்க்க வேண்டும் என்று அக்கா நழுவிவிட்டாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்தான் முதலில் பேசினார்.

"ஏனுங்க, பரலோகத்துல புருசன் பொஞ்சாதி ஒண்ணாத்தான் இருக்கோணுமுங்களா?"

என் மனைவியை நினைத்துக் கேட்கிறார் என்று எண்ணினேன். அப்படியில்லை. அவருடைய கணவர் பத்தொன்பது வருஷம் குடித்தவர், அடித்தவர். அடிப்பதற்கு முன்பு கதவை உள்தாழ்ப்பாள் போட்டுவிடுவாராம். ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் பாஸ்டர் போய் ஜெபம் பண்ணியிருக்கிறார். கணவரும் அழுது மனந்திரும்பிவிட்டு, நான்காம் நாள் போய்விட்டார். அடக்கத்தின்போது பாஸ்டர், அவர் பொன் வீதியில் நின்று மனைவிக்காகக் காத்திருக்கிறார் என்று பிரசங்கித்தார். மீண்டும் சந்திப்போம் என்று படத்தோடு ஃபிளெக்ஸும் வைத்தார்கள். அதைக் கேட்டு இந்த அம்மா அழுதிருக்கிறார். துக்கத்தில் அழுவதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"செத்தாவது என்னைய உட்டாரேன்னு இருந்தனுங்க. பஸ்ஸுல துண்டு போட்ட மாதிரி அங்க போயி எடம் புடிச்சு வெச்சிருக்காருங்கறாங்க. இது தெரியாம இன்னொருத்தரைக் கட்டிக்கிட்டு, அங்க போயி நான் எங்கீங்க நிக்கறது?"

அது தெளியாமல் சம்மதம் இல்லை என்று சொல்லிவிட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பிறகு யோசித்தால், யாரிடம் போய்க் கேட்பது? கடைசியில் அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

முதலில் பாஸ்டர். அவருக்குப் பரலோகம் என்றால் எழுத்துக்கு எழுத்து பரலோகம்தான். நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒரே அளவு என்று கிலோமீட்டரில் சொன்னார். சைட் போட்டு விற்பவர்கள் லேஅவுட்டை விரித்துக் காட்டுவது மாதிரி இருந்தது. பொன் என்றால் பொன், முத்து என்றால் முத்து. ஏழு சகோதரரை ஒருவர்பின் ஒருவராகக் கட்டிய பெண் பரலோகத்தில் யாருக்கு மனைவி என்று இயேசுவிடம் கேட்டபோது, அங்கே கல்யாணமே இல்லை என்று அவர் சொன்னாரே, அதுவும் அப்படித்தானா என்று இவர் கேட்டார். பாஸ்டர் புன்னகை செய்தார். அங்கே புதிதாகக் கல்யாணம் நடக்காது என்றுதான் அதற்கு அர்த்தமாம். இங்கே நடந்தது ரத்தாகும் என்று சொல்லவில்லையாம். அத்தனை கிலோமீட்டரையும் அப்படியே நம்பியவருக்கு அந்த ஒரு வரிக்கு மட்டும் வியாக்கியானம் தேவைப்பட்டது.

அடுத்த வாரம் எங்கள் ஆயர். படித்தவர். பொன் வீதி, மதில், வாசல் எல்லாம் உவமைகள் என்றார். பரலோகம் ஓர் இடமல்ல, தேவனோடு இருக்கிற நிலை என்றார். ஒரு மூச்சில் அத்தனை பொன்னையும் கரைத்துவிட்டார். ஆனால் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டதும், அது உவமையில்லை, எழுதியிருக்கிறபடியேதான், அங்கே கணவனும் இல்லை மனைவியும் இல்லை என்று வக்கீல் மாதிரி அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். இவர் குரலே தெளிந்துவிட்டது. அப்படியானால் செத்துப்போன தன் அம்மாவை அங்கே அடையாளம் தெரியுமா என்று கேட்டார். நிச்சயமாகத் தெரியும், அதில் சந்தேகமே வேண்டாம் என்றார் ஆயர்.

"அப்ப அவரையும் தெரியுமுங்களே."

ஆயர் டீயைக் குடித்தார். நானும் குடித்தேன்.

வெளியே வந்ததும் இவர் சொன்னார். "செவுரு, கதவு ஒண்ணும் இல்லாத ஊருங்களா அது? பாஸ்டரு சொல்றதே தேவலைங்க. கதவாவது இருக்குது."

கதவைப் பற்றி நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அது என் துறை அல்லவா. வேதத்தின் கடைசிப் புத்தகத்தை கேட்டில் உட்கார்ந்து, ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் நடுவில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். எனக்கு மூன்று வாரம் ஆனது. திசைக்கு மூன்றாகப் பன்னிரண்டு வாசல். ஒவ்வொன்றிலும் ஒரு தேவதூதர் நிற்கிறார். பரலோகத்தில் எங்கள் ஆட்களுக்கு வேலை இருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பத்து வரி தாண்டியதும் வாயை மூடிக்கொண்டேன். அந்த வாசல்களை அடைப்பதே இல்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை அதே பெஞ்சில், பன்னிரண்டு வாசல் வரைக்கும் மட்டும் சொன்னேன். பஸ் ரூட் கேட்பவர்போலக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அவரே கணக்குப் போட்டார். அந்த மனுஷன் எந்தக் கடைக்குப் போனாலும் கிட்டத்தில் இருக்கிற கடைக்குத்தான் போவார். கோயமுத்தூரில் கிழக்குக் கோடியில் இருந்தவர், கிழக்கு வாசலைத் தாண்டி ஓர் அடி நடந்திருக்க மாட்டார்.

"நாம மேக்கால போயிரலாமுங்க. நடுக்கதவு. உங்க ஊட்டுக்காரம்மாவையும் அங்கயே வரச் சொல்லீருங்க. எனக்கு அவங்களோட ஒரு சண்டையும் இல்லீங்க."

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் எந்த வாசலில் நிற்பது என்று பேசி வைப்பதுபோலச் சொல்லிவிட்டார். ஆறு வருஷமாக என் மனைவியைப் பற்றி என்னிடம் பேசியவர்கள் எல்லோரும் பாவம் என்றார்கள், புண்ணியவதி என்றார்கள். வரச் சொல்லுங்கள் என்று யாரும் சொன்னதில்லை. அதைக் கேட்ட பிறகு மறைக்க முடியவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அந்தக் கதவுகளைச் சாத்தறதே இல்லைன்னு எழுதியிருக்குதுங்க. யாரு வேணா எந்தப் பக்கமும் வரலாம். நான் கூட நின்னு தடுத்துருவேன்னும் நெனச்சுக்காதீங்க. இத்தன வருசத்துல கேட்டுல ஒருத்தரைக்கூட நான் நிறுத்துனதில்லீங்க."

கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். தூரத்தில் அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, புறப்படலாமா என்பதுபோலப் பார்த்தாள். இவர், சாத்துவதே இல்லையா, நல்லாத் தெரியுமா என்று கேட்டார். கையிலிருந்த வேதத்தில் அந்த இடத்தை எடுத்துக் காட்டினேன். விரல் வைத்து அவரே படித்தார்.

"சாத்தாத கதவுன்னா வெளிய போறதுக்கும் தொறந்துதானுங்க இருக்கும். எனக்கு அது போதும். அவரு வந்தா வரட்டும், நான் பொறப்பட்டுப் போயிக்கறேன். யாரையும் நிறுத்தாத ஆளு கேட்டுல இருந்தாத்தானுங்க எனக்கும் சௌகரியம்."

என் வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அது. நான் முதன்முதலாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தது அப்போதுதான். வலது புருவத்தின் மேல் ஒரு பழைய தழும்பு இருந்தது.

கல்யாணம் எங்கள் கோயிலில் நடந்தது. பாஸ்டரும் வந்திருந்தார். அந்த அம்மாவின் சந்தேகம் தீர்ந்ததா என்று ஆயர், பாஸ்டர் இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் கேட்டார்கள். நான் இரண்டு பேரிடமும் தலையை ஆட்டினேன். தன் விளக்கத்தால்தான் தீர்ந்தது என்று இரண்டு பேருமே எடுத்துக்கொண்டார்கள். மறுக்க எனக்குக் கூச்சம்.

பரலோகம் பொன்னா உவமையா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. இப்போது நாங்கள் இருக்கிற வீட்டில், இவர் தைக்கிற மெஷின் வாசலைப் பார்த்துப் போட்டிருக்கிறது. பகல் முழுக்கக் கதவு திறந்தே கிடக்கும். தெருநாய் ஒன்று வந்து துணிமேல் படுத்துக்கொள்கிறது. நான்தான் விரட்ட வேண்டும், விரட்டுவதில்லை. என் முதல் மனைவிக்குத் தகவல் சொல்லிவிட்டேனா என்று இவர் எப்போதாவது கேட்பார். சொல்லிவிட்டேன். ஜெபத்தின் முடிவில், ஆமென் சொல்வதற்கு முன்னால், சத்தம் வராமல் சொல்வேன்: மேற்கு வாசல், நடுக்கதவு.