கந்தப்ப மாஸ்டருக்கு நான் விற்ற ரேசர்

எங்கள் வீதியில் கந்தப்ப மாஸ்டரைத் தாடியோடு பார்த்தவர்கள் யாரும் கிடையாது. பனியன் கம்பெனிக்காரன் ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை சலூனில் போய் உட்கார்ந்தாலே பெரிது. மாஸ்டர் அப்படியில்லை. காலை ஐந்தே முக்காலுக்கு வாசல் தூணில் கண்ணாடியை மாட்டி, முகம் முழுக்க நுரை பூசி, எழுபத்தெட்டில் போனஸ் பணத்தில் வாங்கிய இரட்டைப் பக்க ஷேவிங் செட்டை எடுத்து மழிக்க ஆரம்பித்துவிடுவார். எதிர்க்கடையில் நான் சாமான்களை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருப்பேன். ஒரு பக்கம் நுரை சேர்ந்ததும் கைப்பிடியைத் திருப்பி மறுபக்கத்தால் இழுப்பார். கண்ணாடியைப் பார்க்கக்கூடத் தேவையில்லை, பழக்கத்திலேயே ஓடும் கை.

"எதுக்குங்க மாஸ்டர் தினமும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கட்டிங் டேபிள்ல குனிஞ்சு நிக்கறமில்லீங்க பாய். மூஞ்சியில இருந்து ஒரு முடி வெள்ளைத் துணியில உழுந்தா அது டேமேஜுங்க."

"தலையில இருக்கறது உழுகாதுங்களா?"

"அதுக்குத்தானுங்க எண்ணெய் வெக்கறது" என்று சொல்லிச் சிரித்தார். இருபத்திரண்டு வருடம் ஒரே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒருதடவை உருட்டினால் போதும், என்ன எடை, எங்கே சாயம் சரியில்லை என்று சொல்லிவிடுவார் என்பார்கள்.

தொண்ணூற்றிரண்டு ஆடி மாதத்தில் அந்த டேபிளிலேயே விழுந்தார். வெட்டிக்கொண்டிருந்த மிஷின் துணியில் கோணலாக ஓடி நின்றதாம். கோயமுத்தூரில் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபோது வலது கையும் காலும் போயிருந்தன. வலது கன்னம் தொங்கிவிட்டது, அதில் கிள்ளினாலும் தெரியாது. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர.

"ஆமாங்க."

எதைக் கேட்டாலும் அதுதான். தண்ணீர் வேண்டுமா என்றாலும் ஆமாங்க, வேண்டாமா என்றாலும் ஆமாங்க. தலையும் அதோடு சேர்ந்தே ஆடும். சிலருக்கு இப்படி ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சும் என்று டாக்டர் சொன்னாராம். ஏன் இந்த வார்த்தை என்று நாங்கள் யாரும் டாக்டரிடம் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடம் முதலாளிக்கு அவர் சொன்ன வார்த்தை அதுதான், ஊருக்கே தெரியும்.

அவர் மனைவி மயிலாத்தாள் அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தார். ஒரே மகளைத் தாராபுரத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம் மயிலாத்தாள் கடைக்கு வந்து சொன்னார்:

"கண்ணாலமாயி இருவத்திநாலு வருசமாச்சுங்க பாய். ஒருநாளு என்னைய 'ங்க' போட்டுப் பேசுனதில்லீங்க. இப்பப் பாருங்க, நான் என்ன கேட்டாலும் ஆமாங்க, ஆமாங்க."

சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் ஒரு சோப்புக்கட்டியை எடுத்து நீட்டினேன். அவர் சோப்பு கேட்கவே இல்லை.

ஆனால் மாஸ்டருக்கு விவரமெல்லாம் இருந்தது. காலையில் கம்பெனி வேன் வீதி முனையில் ஹாரன் அடித்தால் இடது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்துவிடுவார். சட்டையை இழுப்பார். பிறகு இடது கையால் தன் முகத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டுவார். மழித்துவிட்டுத்தானே வேலைக்குப் போக வேண்டும்?

மயிலாத்தாள் கம்பெனியிலிருந்து துண்டுத்துணிகளை ஒரு பையில் கொண்டுவந்து கட்டிலில் கொட்டிப் பார்த்தார். மாஸ்டர் இடது கை விரல்களால் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து, கனமானதை ஒரு பக்கமும் மெல்லியதை ஒரு பக்கமும் பிரித்து வைத்தார். ஓட்டை விழுந்த துண்டைக் கட்டிலுக்குக் கீழே வீசினார். ஒன்றுகூடத் தப்பவில்லை. பார்க்க வந்திருந்த கம்பெனி மேனேஜர் இதை மட்டும் போய்ச் சொல்ல, முதலாளி மருதாசலத்திடமிருந்து செய்தி வந்தது: மாஸ்டர் கொஞ்சம் தேறியதும் நானே வந்து பார்க்கிறேன், கட்டிங் டேபிள் தலைமாட்டில் ஒரு நாற்காலி போட்டுத் தருகிறேன், மற்றவர்கள் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்.

அன்றிலிருந்து மயிலாத்தாளுக்கு அந்த நாற்காலிதான் உலகம். சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தால் மனுஷன் மூன்று மாதம் தாங்கமாட்டார் என்பது அவர் பயம். எனக்கும் அதே பயம்தான். முதலாளி வரும்போது மாஸ்டர் பழைய மாஸ்டராகத் தெரிய வேண்டும் என்றால் முகம் மழமழவென்று இருக்க வேண்டும்.

சலூன்காரர் நாச்சிமுத்துவை ஒருதடவை வீட்டுக்கு அழைத்துப் பார்த்தார்கள். மாஸ்டர் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். தானே இடது கையால் முயன்று காதோரம் கிழித்துக்கொண்டார். கடைசியில் மயிலாத்தாளே பழைய செட்டை எடுத்தார். கன்னம் இறுகி நின்றால் மழித்துவிடலாம். இதுவோ பிடித்தால் வழுகுகிறது, விட்டால் தொங்குகிறது. மூக்குக்குக் கீழே இழுக்கும்போது பிளேடின் அந்தப் பக்கம் மூக்கில் படுகிறது, தாடையோரம் வந்தால் காதில் படுகிறது. தினமும் இரண்டு மூன்று இடத்தில் சிவப்புப் பொட்டு. அவருக்கு வலியும் தெரியாது.

"வெட்டுற பக்கத்தப் பாக்கறதுங்களா, வெட்டாத பக்கத்தப் பாக்கறதுங்களா? எனக்கு ரெண்டு கண்ணுதானுங்க இருக்குது பாய்" என்றார்.

அப்போதுதான் நான் அந்த ரேசரை எடுத்துக் காட்டினேன். சென்னை பர்மா பஜாரிலிருந்து என் மச்சான் ராஜா முகமது கொண்டுவந்தது. பிளேடுக்கு ஒரு பக்கம்தான் கூர், மறுபக்கம் கனமான முதுகு. இரண்டு வருடமாக விற்காமல் கிடந்த சரக்கு என்பதை நான் சொல்லவில்லை.

"இதுல ஒத்தப் பக்கந்தானுங்க்கா. அந்தப் பக்கம் எங்க பட்டாலும் ஒண்ணும் ஆகாது. சாவுகாசமா இழுக்கலாம்."

"இந்த பிளேடு கெடைக்குமுங்களா?"

"ஒரு டப்பா இதோட வருது, அஞ்சு இருக்கு. தீந்தா மச்சான்கிட்டச் சொல்லி வரவெச்சுத் தாறேன்."

வாங்கிப்போனார். உண்மையிலேயே நன்றாக வேலை செய்தது. மூன்று வாரம் மாஸ்டர் முகத்தில் ஒரு கீறல் இல்லை. சாயங்காலம் வாசலில் நாற்காலியில் உட்காரவைத்தால் வீதியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இரட்டைப் பக்கமா ஒற்றைப் பக்கமா என்று பாடமே நடத்தினேன். அந்தப் பெருமையில், மச்சானிடம் பிளேடு சொல்லிவிட மறந்துபோனேன். அவர் இரண்டு தடவை சென்னை போய்வந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, நான் ஜும்மா தொழுகை முடிந்து கடையைத் திறக்கும்போது மயிலாத்தாள் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"ஞாயித்துக்கெழம முதலாளி வாறாருங்களாமா! டப்பாவுல இருந்த அஞ்சும் தீந்துருச்சுங்க, பிளேடு வந்துருச்சுங்களா?"

வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை எனக்கு. "எதுக்குங்க்கா அது? சாதா பிளேடப் பாதியா ஒடிச்சுப் போட்டாப் போச்சு. சலூன்ல அப்படித்தானே போடறாங்க" என்றேன்.

"நாங்க தையல் பிரிக்கறதுக்கு ஒடிப்பமே, அந்த மாதிரிங்களா?"

"அதேதான்."

செக்கிங்கில் லேபிள் கோணலாக வந்தால் தையலைப் பிரிக்க வேண்டும். பெண்கள் பிளேடை நீளவாக்கில் இரண்டாக ஒடித்து, கூரில்லாத பக்கத்தில் பனியன் துணித் துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்வார்கள். விரலில் கீறி ஒரு சொட்டு ரத்தம் வெள்ளைப் பீஸில் பட்டால் அது கழிவு. இருபது வருடத்தில் மயிலாத்தாள் ஒரு பீஸைக்கூட அப்படிக் கெடுத்ததில்லை. அந்தக் கைமேல் எனக்கும் நம்பிக்கை இருந்தது.

போகிறவர் திரும்பி, "இல்லாட்டி ஒருநாளைக்குப் பழைய செட்டுலயே பண்ணிரட்டுங்களா பாய்?" என்று கேட்டார்.

அப்போதாவது நான் ஆமாம் என்றிருக்கலாம். இரண்டு சிவப்புப் பொட்டோடு போயிருக்கும். நான் விற்ற சரக்கு உதவாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று, "வேண்டாங்க்கா, ஒத்தப் பக்கந்தான் நல்லது" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எதிர்வீட்டிலிருந்து "பாய்! பாய்!" என்று அலறல். கடையிலிருந்த படிகாரக் கட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த ரேசர் கனமான முதுகுள்ள பிளேடுக்குச் செய்தது. ஒடித்த பாதி அதில் நிற்காமல் ஆடியிருக்கிறது. மயிலாத்தாள் கம்பெனிப் பழக்கத்தில் பனியன் துணியைச் சுற்றி இறுக்கியிருக்கிறார். காய்ந்திருந்தவரை பிடித்துக்கொண்டிருந்த துணி, சோப்புத் தண்ணீரில் ஊறித் தளர்ந்துவிட்டது. பிளேடு நழுவி வலது கன்னத்தில் தாடைவரை ஒரே கோடாக இறங்கிவிட்டது. மாஸ்டர் ஒன்றும் தெரியாமல் அடுத்த கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டையில் ரத்தம் பரவியதைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் மாறியது.

படிகாரத்தை அழுத்தினோம், பஞ்சை வைத்துப் பிளாஸ்டர் ஒட்டினோம். பாதி முகம் மழித்து, பாதி முகம் நுரை காய்ந்து நிற்கிறது. நுரையைத் துடைத்துச் சட்டையை மாற்றுவதற்குள் வாசலில் கார் நின்றது.

மருதாசலம் கெட்ட மனிதர் இல்லை. ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் கொண்டுவந்தார். மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியதை நானே பார்த்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மாஸ்டரின் இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க மாஸ்டர் இது... ரொம்பச் சிரமப்படறீங்களாட்ட இருக்குதுங்களே."

"ஆமாங்க."

"நாந்தான் அவசரப்பட்டு சேர் போடறேன், அது இதுன்னு சொல்லிவுட்டுட்டேன். இந்த நெலமையில உங்கள அலைக்கழிக்கறது பாவமுங்க. ஊட்லயே நிம்மதியா இருந்துக்கறீங்களா?"

"ஆமாங்க" என்றார் மாஸ்டர். தலையும் ஆடியது. சொன்ன மறுகணம் அவர் கண்கள் பெரிதாக விரிந்தன. மறுபடியும் வாயைத் திறந்தார், கழுத்து நரம்பு புடைத்தது. "ஆமாங்க! ஆமாங்க!" பிடித்திருந்த கையை உதறிக் கட்டில் சட்டத்தில் ஓங்கி ஓங்கித் தட்டினார்.

"உணர்ச்சிவசப்படாதீங்க மாஸ்டர்" என்று முதலாளி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "அப்ப வேற மாஸ்டரப் பாத்துக்கறனுங்க. உங்களுக்கு மனசுல ஒண்ணும் வருத்தமில்லீங்களே?"

"ஆமாங்க."

முதலாளி மயிலாத்தாளைப் பார்த்துக் கைகூப்பினார். மயிலாத்தாளும் கைகூப்பினார். கார் போய்விட்டது.

மறுநாள் காலை வேன் ஹாரன் அடித்தது. மாஸ்டர் எழுந்து உட்காரவில்லை. தண்ணீரும் சோப்பும் கொண்டுபோனபோது சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அடுத்த நாளும் அப்படித்தான். பிறகு சாப்பாட்டுக்கும் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார்.

பத்து நாள் கழித்து மயிலாத்தாள் அந்த ரேசரை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். பிளேடு சொல்ல மறந்ததையும், இரண்டு வருடம் விற்காத சரக்கு என்பதையும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இப்போதும் கெட்டுவிடவில்லை, முதலாளியைப் போய்ப் பாருங்கள், நானும் கூட வருகிறேன் என்றேன்.

"திங்கக்கெழமையே சோமனூர்க்காரரு ஒருத்தரு மாஸ்டரா வந்து சேந்துட்டாருங்க. அவரு தலைமாட்டுல இவர உக்கார வெச்சா, அந்த மனுசன் எப்படிங்க வேல பாப்பாரு?" என்றார். ரேசர் சுற்றிவந்த துணியை எடுத்து மடித்தார்.

"ரேசர் மேல என்னங்க இருக்குது பாய். வெட்டுக்காயம் ஆறிப்போச்சு. அவருக்குத்தானுங்க பேச்சு இல்ல, எனக்கு இருந்துச்சில்லீங்க? 'அவரு வாறேங்கறாருங்க, அவருக்கு அந்த வார்த்த மட்டுந்தானுங்க வரும்'னு ஒண்ணு சொல்லியிருந்தாப் போதுமே. முதலாளி பேசையில குறுக்க எப்படிப் பேசறதுன்னு நின்னுட்டனுங்க. கையெடுத்து வேற கும்புட்டு அனுப்புனனுங்க."

நானும் அன்று அதே அறையில், கட்டிலுக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். அதை அவர் சொல்லவே இல்லை.