அம்மணி சாப்பிடவில்லை

டென்மார்க்கில் என்னோடு வேலை செய்யும் ஹென்ரிக், பூனைக்கு உடம்பு சரியில்லை என்று ஆபீசுக்கு மெயில் போட்டுவிட்டு வீட்டில் இருந்துவிடுவான். யாரும் சிரிப்பதில்லை. மறுநாள் மேலாளரே வந்து பூனை எப்படி இருக்கிறது என்று கேட்பார். ஆர்ஹுஸ் நகரத்துக்கு வந்த புதிதில் இதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தவன் நான். கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் இருந்தபோது, அப்பாவை அடக்கம் செய்த மூன்றாம் நாளே ஷிஃப்டுக்குப் போனேன். சிரித்ததற்கெல்லாம் சேர்த்து இப்போது அனுபவிக்கிறேன்.

ஒருமுறை ஃப்ரோகொஸ்ட் நேரத்தில், அதாவது மதியச் சாப்பாட்டு வேளையில், ஹென்ரிக்கிடம் என் கவலையைச் சொன்னேன். "அம்மா ஊரில் தனியாக இருக்கிறாள், இரண்டு பூனைகளோடு." அவன் ரொட்டியை வைத்துவிட்டு, "அப்படியென்றால் தனியாக இல்லையே" என்றான். கிண்டல் செய்கிறான் என்று நினைத்து இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. பாவம், ஆறுதலாகத்தான் சொல்லியிருக்கிறான். எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை.

அம்மா போத்தனூரில் ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா போன மறு வருடம், நான் டென்மார்க் போன பிறகு, தெருவில் அடிபட்ட பூனைகளை மீட்பவர்கள் நடத்திய முகாமுக்குப் போய் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தண்டவாளத்தில் வாலை இழந்த துரை ஒன்று, ஒற்றைக் கண் அம்மணி ஒன்று. எங்கள் பக்கம் பூனையை யாரும் கேட்டு வாங்குவதில்லை. அதுவாக வரும், எலி பிடிக்கும், அதுவாகப் போகும். முகாமிலோ, கடைசிவரை பார்த்துக்கொள்வேன் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். காலமெல்லாம் அடுத்தவர் கையெழுத்தைச் சரிபார்த்தே பழகியவளுக்கு அது போதாதா? என்னோடு வந்துவிடு என்று கூப்பிடும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"கையெழுத்துப் போட்டிருக்கேன் கண்ணு. நான் அங்க வந்துபோட்டா இதுகளை ஆரு பாக்கறது?"

போன வருடம் பொறுமை இழந்து, "பூனையா நானா, சொல்லும்மா" என்று கத்திவிட்டேன். "உன்னையப் பாத்துக்க ஒரு நாடே இருக்குது சாமி" என்றாள். குரலில் கோபமே இல்லை. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொள்வேன் என்று என்னிடம் யாரும் எழுதி வாங்கவில்லை. வாங்கியிருந்தாலும் விமானம் ஏறியிருப்பேன் என்பதுதான் உண்மை.

போன வாரம் அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள். டென்மார்க் போனபின் முதல்முறையாக நான் ஊருக்கு வந்து சேர்ந்தபோது பெட்டியை மூடக் காத்திருந்தார்கள். கூட்டத்தைக் கண்டு மிரண்டு சுவரேறிப் போன துரை திரும்பவே இல்லை. அம்மணி அம்மாவின் கட்டிலுக்கடியில் பதுங்கிக்கொண்டது. நான்கு நாளாக அன்ன ஆகாரம் இல்லை. மத்தி மீன் வேகவைத்து வைத்தேன், கோழி ஈரல் வைத்தேன். கையை நீட்டினால் கீறியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இன்னும் உள்ளே போனது. வீட்டுக்கு வந்து பார்த்த மாட்டு டாக்டர், "நாளைக்கும் திங்கலைன்னா இதோட ஈரலே கெட்டுப்போயிருமுங்க. அப்பறம் என்ர கையில ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டார். எனக்கு நாளை மறுநாள் விமானம். துரையைத் தொலைத்தாயிற்று, இதுவும் செத்துவிட்டால் அம்மா கொடுத்த வாக்கில் மிச்சம் எதுவும் இருக்காது. தரையில் குப்புறப் படுத்து, அந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்து, "ஒரு வாய் சாப்பிடேன்" என்று கெஞ்சி அழுதேன்.

பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா எனக்குச் சோறு கொண்டுவந்தவர், நான் கிடந்த கோலத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க தம்பி, ஆளு போயி நின்னா அது எப்புடிங்க வரும்? உங்களைய அது பாத்ததே இல்லீங்களே. ஆனா சத்தம் தெரியுமுங்க. நாலு மணிக்கு நீங்க போன் பண்ணுனா, உங்கம்மா ஸ்பீக்கரைப் போட்டு வட்டலுக்குப் பக்கத்துல வெச்சுப்போடுவாங்க. நீங்க பேசப் பேசத்தான் ரெண்டும் திங்கும்."

எத்தனை நாள் எரிச்சல்பட்டிருக்கிறேன்! நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பேன், அந்தப் பக்கம் அம்மாவின் சத்தமே இருக்காது. கேட்கிறாளா இல்லையா என்று கோபம் வந்து பாதியில் வைத்துவிடுவேன். அப்போதெல்லாம் இரண்டு பூனைகளும் பாதி வயிற்றோடு எழுந்து போயிருக்கும்.

அம்மாவின் போனை சார்ஜில் போட்டு எடுத்தோம். செல்வி அக்கா அதைச் சமையலறையில் மீன் வைத்த வட்டலுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, டென்மார்க் எண்ணிலிருந்து கூப்பிட்டேன். அக்கா எடுத்து ஸ்பீக்கரைப் போட்டார். என்ன பேசுவது? தினமும் முதலில் கேட்பதையே கேட்டேன். "அம்மா, சாப்ட்டாச்சா?"

பதிலுக்குக் காத்திருந்த அந்த நொடியில்தான் அம்மா செத்துப்போனது எனக்கு முழுதாக உறைத்தது. பேச்சை நிறுத்திவிட்டேன். "நிறுத்தாதீங்க தம்பி, வெளிய வருது" என்று அக்கா போனில் கிசுகிசுத்தார். பேசினேன். வேலை அதிகம் என்றேன். ஹென்ரிக் நலம் விசாரித்ததாகச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் போனுக்குள் மீன் முள் நொறுங்கும் சத்தம் கேட்டது. "திங்குதுங்க. நீங்க ஊருக்குப் போனாலும் நான் வட்டல் வெக்கறனுங்க. நாலு மணிக்குப் போன் மட்டும் பண்ணிப்போடுங்க" என்றார் அக்கா.

கதவைத் திறந்து ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது. திறந்தால் அது ஓடிவிடும். போத்தனூரில், நான் பிறந்து வளர்ந்த வீட்டில், சாத்திய கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, "இங்க ஒரே குளிரும்மா, மழை விடவே இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். முதுகில் ஜன்னல் வெயில் சுட்டது.