ராசிபலன் பக்கம் கீழே விழுந்த நாள்

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே வாக்கியம்: "அக்கா, அந்தப் பொரி நான் போட்டது." நாக்கு நுனி வரை வந்தது. எதிரே மேனேஜர் நின்றிருந்தார், வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் நின்றிருந்தார். விழுங்கிவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது பார்வதி அக்காவின் கணவர் மாரி அண்ணன் போனில் கூப்பிட்டார். "அக்கா போயிட்டாம்மா. தூக்கத்துலயே" என்றார். ஐம்பத்தைந்து வயது. முந்தின நாள் சாயங்காலம் வரை ஸ்டியரிங் பிடித்த கை. போனை வைத்ததும் நான் செய்த முதல் காரியம், சன்னல் வழியாக அக்கா ஓட்டும் ஃபோர்வீல் வண்டி நிற்கிறதா என்று பார்த்ததுதான். நின்றது. பொனட்டின் மேல் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது.

தம்பின் டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் அவரை யாருக்கு அறிமுகப்படுத்த வேண்டும்? இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் அவர் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீர்கள். இரண்டு குழந்தைகள் போகிற வழியிலேயே அதில் பிறந்தன. பதினைந்து வருடம் உர மூட்டை சுமந்துவிட்டு லைசென்ஸ் எடுத்தவர். தோட்டத்தின் முதல் பெண் டிரைவர். "பொம்பள ஓட்டுற வண்டி" என்று யாராவது இழுத்தால், "வண்டிக்கு அது தெரியாது, நீ போய்ச் சொல்லிராத" என்பார்.

நான் அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணியாகச் சேர்ந்த வருடக் கடைசியில் அந்த வண்டி சூடாகத் தொடங்கியது. முதல் தடவை சிரம்பான் போகும் வழியில், பின் இருக்கையில் ஒரு தாத்தா, கண் பரிசோதனைக்காக. முன்னாலிருந்து ஆவி கிளம்பியது. "என்னம்மா புகையுது?" என்றாராம் தாத்தா. "உங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, வாங்க திரும்பிப் போவோம்" என்றாராம் அக்கா.

தம்பினில் ஹமீது பாயின் பட்டறையில் தெர்மோஸ்டேட் மாற்றினார்கள். ரேடியேட்டர் மூடி மாற்றினார்கள். அடுத்த வாரம் தண்ணீர் பம்பும் மாறியது. பட்டறையில் அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டாலும் சூடு காட்டும் மீட்டரின் முள் நடுவை விட்டு அசையாது. "என்கிட்ட வந்தா மட்டும் உங்க வண்டிக்கு நல்ல புத்தி வந்துருது, பார்வதி" என்றார் பாய். மறுநாள் பெரிய சாலையில் ஏறியதும் முள் மறுபடி சிவப்பைத் தொடும்.

சுப்பையா மண்டோருக்குக் கொண்டாட்டம். "கியர் மாத்தத் தெரியாம மிதிச்சா எந்த எஞ்சினும் சூடாகும்லா. ஆம்பள கையில கொடுத்துப் பாருங்க சார்" என்று மேனேஜரிடம் சொன்னார். ஆம்பள கை என்பது அவருடைய மச்சானின் கை. மேனேஜர் கெட்டவர் அல்ல, சலித்துப் போனவர். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் சாவி மச்சானுக்கு, அக்கா மறுபடி உரம் போடும் கூட்டத்துக்கு என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை அக்கா என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். "நான் ரோட்டப் பாக்குறேன். நீ முள்ளப் பாரு. வேற எதையும் பாக்காத, மேகத்தைக்கூட." தோட்டத்துப் பாதையில் மெதுவாகப் போனோம், முள் நடுவில். பெரிய சாலையில் எண்பதைத் தொட்டதும் ஏறியது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டோம்; இறங்கியது. தண்ணீரும் குறையவில்லை. அக்கா ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டார்.

"நிக்கும்போது சூடானா விசிறியப் பாக்கணும். இது ஓடும்போது சூடாகுது. காத்து வர்ற வழியப் பாக்கணும்" என்றார். "எல்லாரும் தண்ணி தண்ணின்னே அலைஞ்சிட்டோம்."

தோட்டத்துக்குத் திரும்பியதும் பத்திரிகையில் ஒரு தாள் கேட்டார். கையில் வந்தது ராசிபலன் பக்கம். "எனக்கு விருச்சிகம். என்ன போட்டிருக்கான்?" என்றார். "நண்பர்களால் அனுகூலம்" என்று படித்தேன். "பாப்போம்" என்று தாளை வாங்கி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டியின் முகத்தில் வைத்துக் கையை எடுத்தார். விசிறி உள்ளே காற்றை இழுத்தால் தாள் அங்கேயே ஒட்டி நிற்க வேண்டும். ஓரத்தில் வைத்தபோது ஒட்டியது. நடுவில் வைத்தபோது நழுவிக் கீழே விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

முன்னால் இருப்பது வண்டியைக் குளிர வைக்கும் ஏர்கோனின் வலை, அதற்குப் பின்னால் ரேடியேட்டர், இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. முன்னாலிருந்து பார்த்தால் சுத்தம், பின்னாலிருந்து பார்த்தாலும் சுத்தம். எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, மேல் தகட்டைக் கழற்றி, கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தார் அக்கா. பழைய தலையணையைக் கிழித்தது போல ஒரு திரை வந்தது: லாலாங் புல்லின் வெள்ளைப் பஞ்சு, பூச்சி இறக்கைகள், எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டியிருந்த காய்ந்த சந்தனம். அதற்குள் செவ்வந்தி இதழ்கள். அதற்குள் பொரி.

அந்த வருட ஆயுத பூசை என் பொறுப்பில் இருந்தது. மற்றவர்கள் பம்பரில் பொட்டு வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்தார்கள். புத்தகம் படித்துக் கெட்டுப்போன நான் யோசித்தேன்: உழைப்பது எஞ்சின், பொட்டு பம்பருக்கா? யாரும் இல்லாத நேரத்தில் பொனட்டைத் திறந்து சந்தனத் தண்ணீர், பூ, மூன்று கைப்பிடி பொரி எல்லாவற்றையும் மேலிருந்து தாராளமாகப் போட்டேன். ரொம்பப் பெருமையாக இருந்தது.

மேனேஜரும் மண்டோரும் வந்துவிட்டார்கள். அக்காவின் வலது கை மூடிக்கொண்டது.

"என்ன இது?"

"லாலாங் பஞ்சு சார். காத்தை அடைச்சிருக்கு."

"வண்டியக் கழுவுறது யாரு?"

"நான்தான் சார். வெளிய கழுவினேன், நடுவுல பாக்கல."

"நான் அப்பவே சொன்னேன்லா" என்றார் மண்டோர். எப்போது, என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. அக்கா ஒரு நொடி என்னைப் பார்த்தார். அந்த நொடியில்தான் நான் விழுங்கினேன். அவர்கள் போனதும் அக்கா கையைத் திறந்து பொரியை மைனாக்களுக்கு வீசினார். "சாப்பிடுங்க, பிரசாதம்."

அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வருட ஆயுத பூசையின்போது, மூடிய பொனட்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றுகொண்டார். "பூசையெல்லாம் வெளியவே வெச்சுக்கம்மா. உள்ள இருக்கிறவருக்குக் காத்து போதும்." இருவரும் சிரித்தோம். அப்போதும் நான் சொல்லவில்லை. சொல்வதற்கு அதற்குப் பிறகும் ஆறு ஆயுத பூசைகள் இருந்தன.

போன செவ்வாய்க்கிழமை அக்காவின் வீட்டுக்குத் துக்கத்துக்குப் போனபோது, மாரி அண்ணனிடம் அதைச் சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அந்தப் பொரி விசயமா? அன்னைக்கே வந்து சொல்லிட்டாளே. இந்த வீட்டுல உன் பேரே பொரி கிராணிதான்." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

என்னிடம் அவருடையதாக இருப்பது ஒரு கேள்வி: நிற்கும்போதா, ஓடும்போதா? எதுவும் சரியாக வராத நாட்களில், யாரையும் குறை சொல்வதற்கு முன்னால், அதைக் கேட்டுக்கொள்கிறேன். அன்று பொரியை மறைத்து அவர் மூடிய வலது கையையும் நினைவில் வைத்திருக்கிறேன். அதற்கு எனக்கு இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை சாயங்காலமே மேனேஜர், சாவி பார்வதி அக்காவிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு ஏழு வருடம் அவர்தான் ஓட்டினார். வண்டி ஒருமுறைகூடச் சூடாகவில்லை.