அயர்லாந்தில் அது நம்பர் ஒன்

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் டேப் ஹெட்டைத் துடைத்தால் ஒரு வாசனை வரும்... தொண்ணூறுகளில் செங்கம் ரோட்டில் ரெக்கார்டிங் கடை வைத்திருந்த எனக்குக் காலை என்றால் அந்த வாசனைதான்.

பதியக் கொடுப்பவர்கள் எல்லாம் சினிமாப் பாட்டுக்காரர்கள். இங்கிலீஷ் ராக் பாட்டு என்று அலைகிறவர்கள் ரெண்டே பேர். நானும், தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்த சம்பத்தும். நான் ஸ்கூலைப் பாதியில் விட்டவன். இங்கிலீஷ் படித்ததே கேசட் அட்டையில்தான்.

மலை சுற்ற வந்த ஒரு அயர்லாந்துக்காரர், ஒரு இங்கிலாந்து ராக் பேண்டின் புதுக் கேசட்டைக் காப்பி எடுக்கக் கொடுத்தார். அதில் மழையைப் பற்றி ஒரு பாட்டு... உடம்பு சிலிர்த்தது.

"எங்க நாட்டு ஹிட் லிஸ்ட்டுல இந்தப் பாட்டு நம்பர் ஒன். இங்கிலாந்துல யாரும் சீண்டக்கூட இல்ல" என்று சிரித்தார்.

கேட்டதை அப்படியே நம்புகிற ஆள் இல்லை நான். வாராவாரம் சிற்றலை ரேடியோவில் வரும் லண்டன் ஹிட் லிஸ்ட்டை, அந்தக் கரகரப்புக்கு நடுவே காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். மழைப் பாட்டு வரவே இல்லை. மனிதர் சொன்னது சரி.

ரெண்டு நாட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சின்னக் கடல். பேசுவதும் ஒரே இங்கிலீஷ். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பாண்டிச்சேரியில் ஹவுஸ்ஃபுல்லாக ஓடிய படத்துக்கு இங்கே ஒரே வாரத்தில் பெட்டி கட்டியிருக்கிறார்கள். ரெண்டு இடத்திலும் தமிழ்தானே?

கொஞ்ச வருஷம் கழித்து டவுனில் ஒரு சங்கம், கல்யாண மண்டபத்தில் க்விஸ் வைத்தது. நானும் சம்பத்தும் ஒரு டீம். ஃபைனலில் காலேஜ் பசங்களோடு சரிசமமாக நின்றோம். சம்பத்துக்கு அந்தக் கப் மேல் அப்படி ஒரு ஆசை. ஆபீஸையே கூட்டி வந்திருந்தான். அவன் சம்சாரம் முன்வரிசையில்.

கடைசிக் கேள்வி அதே பேண்டைப் பற்றி. "இவங்களோட பாட்டுல முதன்முதலா நம்பர் ஒன் ஆனது எது?"

சம்பத் என் தொடையைக் கிள்ளினான். "ரயில் பாட்டச் சொல்லுடா. அவன் பேப்பர்ல அதான் இருக்கும்."

அந்த ரயில் பாட்டு, மழைப் பாட்டுக்கு அப்புறம் வந்தது. இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது அதுதான். எனக்கும் தெரியும். நான் மைக்கை வாங்கி, "எந்த நாட்டு லிஸ்ட்டுங்க?" என்றேன்.

சென்னையில் இருந்து வந்திருந்த க்விஸ் மாஸ்டர் சிரித்தார். "நம்பர் ஒன்னுனா நம்பர் ஒன்தான் சார். அதுல என்ன நாடு?"

"அப்ப மழைப் பாட்டுங்க. அயர்லாந்துல அதான் முதல்ல வந்துச்சு."

பின்வரிசையில் இருந்து ஒருத்தன், "எங்கண்ணே, நம்ம அயர்ன் வண்டி நிக்குமே... அங்கியா?" என்றான். மண்டபமே சிரித்தது. தப்பு என்று மணி அடித்தார்கள். பசங்க ரயில் பாட்டைச் சொல்லிக் கப்பை வாங்கிக்கொண்டு போனார்கள்.

படி இறங்கும்போது சம்பத் சொன்னான். "பதில வாயில வச்சிக்கினு தோத்துட்டு வந்துட்டோம்டா. உனக்கு உன் பேச்சுதான் பெருசு." அதோடு கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டான். எங்காவது பார்த்தால் தலையாட்டுவான். அவ்வளவுதான்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. "எந்த ஊர்ல?" என்று கேட்பது ஒரு குற்றமா? உலகம் என்றால் லண்டன் மட்டும்தானா? அயர்லாந்தில் காசு கொடுத்து வாங்கிக் கேட்டவனுக்குக் காது இல்லையா? சென்னையில் ஓடிய படம் என்பதற்காக, நமக்குப் பிடிக்காததை நாம் ஹிட் என்று ஒத்துக்கொள்கிறோமா? நீங்களே சொல்லுங்கள்.

இப்போது என் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். கரகரப்பும் இல்லை, காத்திருப்பும் இல்லை... போனைத் தட்டினால் நாட்டுக்கு ஒரு லிஸ்ட் தனித்தனியாக வருகிறது. யாரும் சிரிப்பதில்லை.

போன வாரம் போனில் அந்த பேண்டைத் தேடினேன். பாட்டு வாரியாகக் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார்கள். மழைப் பாட்டுக்கு நேரே அயர்லாந்து என்ற இடத்தில் ‘1’ என்று இருந்தது. இங்கிலாந்து என்ற இடத்தில் வெறும் கோடு. அதைப் படம் பிடித்து, ரிட்டையராகிக் கீழ்பென்னாத்தூரில் இருக்கும் சம்பத்துக்கு அனுப்பினேன்.

பதில் வந்தது. "பாத்தேன். நீ சொன்னது கரெக்ட்தான். ஆனா அன்னிக்கு தோத்தது தோத்ததுதானடா."

விடுவேனா?

"இங்கிலாந்துலதான்டா தோத்தோம். அயர்லாந்துல ஜெயிச்சிட்டோம்."

நீல டிக் விழுந்துவிட்டது. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருவான் இல்லையா... பதிலை நேரிலேயே கேட்டுக்கொள்கிறேன்.